30 நாள் அவகாசம், ஒரு சிறு விளம்பரம்: நகர நிர்வாகங்கள் மக்களுக்குத் தகவல் தெரிவிப்பது எப்படி?

புதுடெல்லி: பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டதாக அப்பகுதி மக்கள் எண்ணியிருந்த இடத்தில் ஒருநாள் மண் தோண்டும் இயந்திரம் வந்து நிற்கிறது. விசாரிக்கச் செல்லும் குடியிருப்புவாசிகளுக்கு அரசு அலுவலகத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: நிலப் பயன்பாட்டை மாற்றுவது குறித்து முன்னரே பொது அறிவிப்பு வெளியிடப்பட்டது, ஆட்சேபனை தெரிவிப்பதற்கான காலமும் முடிந்துவிட்டது.

அந்தப் பதில் சட்டப்படி சரியானதாகவே இருக்கக்கூடும். நாளிதழின் உள்பக்கத்தில் சில அங்குல அளவில் வெளியான விளம்பரமும், அரசிதழில் இடம்பெற்ற அறிவிக்கையும், இணையதளத்தில் பதிவேற்றப்பட்ட கோப்பும் 'மக்களுக்கு அறிவிக்கப்பட்டது' என்பதற்கான சான்றாகப் பல சட்டங்களில் ஏற்கப்படுகின்றன. ஆனால், அறிவிப்பு வெளியானதும் அது உரியவரைச் சென்றடைந்ததும் ஒன்றல்ல.

இந்த இடைவெளியே இந்திய நகரங்களில் நிலப் பயன்பாடு, கட்டுமானம், குப்பைக் கிடங்கு, மரம் வெட்டுதல் போன்றவை தொடர்பான பல வழக்குகளுக்கு அடிப்படையாக அமைந்துள்ளது. எந்த முடிவுக்கு எந்த வகையான அறிவிப்பு தேவை, எவ்வளவு கால அவகாசம் உண்டு, அதை எங்கே தேடுவது என்பதை இந்தத் தொகுப்பு விளக்குகிறது.

அறிவிப்பு ஏன் கட்டாயம்?

மக்களுக்குத் தெரிவிக்கப்படாத சட்டத்தைக் கொண்டு அவர்களைத் தண்டிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1951-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் அமைச்சரவைத் தீர்மானமாக மட்டும் நிறைவேற்றப்பட்டு, எங்கும் வெளியிடப்படாத அபினிச் சட்டத்தின் கீழ் ஒருவர் தண்டிக்கப்பட்டது தொடர்பான ஹர்லா வழக்கில் இந்தத் தீர்ப்பு வழங்கப்பட்டது. சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பு ஏதேனும் ஒரு வகையில் மக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்பது இயற்கை நீதியின் பாற்பட்டது என நீதிமன்றம் கூறியது.

நகரத் திட்டமிடலுக்கு இந்தக் கோட்பாட்டை நேரடியாகப் பொருத்திய தீர்ப்பு 1987-இல் வந்தது. பெங்களூரில் அடுக்குமாடிக் கட்டடம் தொடர்பாக எழுந்த பி.கே.சீனிவாசன் வழக்கில், நாடாளுமன்றச் சட்டங்கள் பொதுவெளியில் விவாதித்து இயற்றப்படுகின்றன; அதிகாரிகள் உருவாக்கும் விதிகளும் திட்டங்களும் அலுவலக அறைகளுக்குள் உருவாகக்கூடியவை என்பதால் அவற்றைத் தக்க முறையில் வெளியிடுவது இன்றியமையாதது என உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது.

அதே வழக்கில், திட்டத்தின் பிரதியை அலுவலகத்தில் பார்வையிடலாம் என அரசிதழில் அறிவித்திருந்தது போதுமானது என்றும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அறிவிப்பு கட்டாயம், ஆனால், அரசிதழில் வெளியிட்டு, அலுவலகத்தில் பார்வைக்கு வைத்தாலே அந்தக் கடமை நிறைவேறிவிடலாம். இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான இழுபறி இன்றளவும் தொடர்கிறது.

நிலப் பயன்பாடு மாறும்போது

ஒவ்வொரு பெருநகரத்துக்கும் மாஸ்டர் பிளான் எனப்படும் முழுமைத் திட்டம் உண்டு. எந்த இடம் குடியிருப்புக்கு, எது வணிகத்துக்கு, எது பூங்காவுக்கு, எது சாலைக்கு என்பதை அத்திட்டமும் அதன் வரைபடங்களும் வரையறுக்கின்றன. இந்த வகைப்பாட்டை மாற்றுவதற்கு முன்பு பொது அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபனைகளைப் பெற வேண்டும் என மாநிலங்களின் நகரமைப்புச் சட்டங்கள் கூறுகின்றன. விவரங்கள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன.

டெல்லியில் 1957-ஆம் ஆண்டின் டெல்லி வளர்ச்சிச் சட்டத்தின் 11ஏ பிரிவு இதற்கான நடைமுறையை வகுக்கிறது. மகாராஷ்டிரத்தில் 1966-ஆம் ஆண்டின் மண்டல மற்றும் நகரத் திட்டமிடல் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, அரசிதழ் அறிவிக்கையுடன் ஒரு மாத அவகாசத்தையும், மாற்றத்தால் பாதிக்கப்படுவோருக்குத் தனியே அறிவிப்பு அனுப்புவதையும் வலியுறுத்துகிறது. கர்நாடகத்தில் நாளிதழில் விளம்பரம் வெளியிட வேண்டும் என்பதும், குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளன.

ஆட்சேபனை தெரிவித்தோரை நேரில் அழைத்து விசாரிக்கும் குழு, தனது பரிந்துரையை அரசுக்கு அனுப்பும். இறுதி முடிவு அரசிதழில் வெளியானதும் மாற்றம் நடைமுறைக்கு வந்துவிடும். அதன்பிறகு அதை எதிர்ப்பதற்கு நீதிமன்றத்தை நாடுவதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை.

சென்ட்ரல் விஸ்டா எழுப்பிய கேள்வி

அறிவிப்பு எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும் என்ற கேள்வி அண்மைக் காலத்தில் மிகத் தெளிவாக எழுந்தது சென்ட்ரல் விஸ்டா வழக்கில்தான். புதிய நாடாளுமன்றக் கட்டடம் உள்ளிட்ட பணிகளுக்காக மத்திய டெல்லியில் ஏறத்தாழ 86 ஏக்கர் நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவது குறித்து 2019 டிசம்பர் 21-ஆம் தேதி பொது அறிவிப்பு வெளியானது. நாடாளுமன்றக் கட்டடம் எழுந்துள்ள மனை, அதுவரை பூங்கா உள்ளிட்ட பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கு உரியதாக வகைப்படுத்தப்பட்டிருந்தது.

மொத்தம் 1,292 ஆட்சேபனைகளும் ஆலோசனைகளும் வந்தன. அவற்றின் மீதான விசாரணை 2020 பிப்ரவரி 6, 7 ஆகிய இரு நாள்களில் நடைபெற்றது. மார்ச் 20-ஆம் தேதி இறுதி அறிவிக்கை வெளியானது. இதை எதிர்த்த வழக்கில் 2021 ஜனவரி 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நிலப் பயன்பாடு மாற்றத்தை உறுதி செய்தது. சட்டம் கோரும் நடைமுறை பின்பற்றப்பட்டுள்ளது என்பது நீதிபதிகள் ஏ.எம்.கான்வில்கர், தினேஷ் மகேஸ்வரி ஆகியோரின் முடிவாக இருந்தது.

மாறுபட்ட தீர்ப்பு வழங்கிய நீதிபதி சஞ்சீவ் கன்னா, இதே அறிவிப்பை வேறு கோணத்தில் பார்த்தார். மனை எண்ணையும், தற்போதைய பயன்பாட்டையும், உத்தேசப் பயன்பாட்டையும் மட்டும் குறிப்பிடும் அறிவிக்கையைப் பதிவேற்றுவது போதுமானதல்ல என்பது அவரது கருத்து. என்ன கட்டப்போகிறார்கள், ஏன், அதனால் என்ன மாறும் என்பதை மக்கள் புரிந்துகொள்ளும் வகையில் வெளியிட்டால்தான் அவர்களால் பொருளுள்ள கருத்தைக் கூற முடியும் என அவர் கருதினார்.

சட்டப்படி செல்லுபடியாவது பெரும்பான்மைத் தீர்ப்பே. ஆயினும், மாறுபட்ட தீர்ப்பு முன்வைத்த கேள்வி நாட்டின் ஒவ்வொரு நகரத்துக்கும் பொருந்தும். சர்வே எண்ணை மட்டும் படிக்கும் ஒருவரால், அது தன் தெருமுனையில் உள்ள மைதானம் என்று அறிந்துகொள்ள இயலுமா என்பதே அந்தக் கேள்வி.

நாள்களின் எண்ணிக்கை

அவகாசம் குறுகும்போது கருத்துக் கேட்பு வெறும் சடங்காகிவிடும் அபாயம் உள்ளது. வணிக நிறுவனங்களுக்குச் சீல் வைக்கும் நடவடிக்கை டெல்லியில் தீவிரமடைந்திருந்த 2018 பிப்ரவரியில், முழுமைத் திட்டத்தில் திருத்தம் செய்ய முன்வந்த டெல்லி வளர்ச்சி ஆணையம், ஆட்சேபனை தெரிவிக்கப் பொதுமக்களுக்கு வெறும் 3 நாள் அவகாசமே அளித்தது.

அந்தத் திருத்த நடவடிக்கைக்கு மார்ச் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் மே மாதத்தில் தடையைத் தளர்த்தியபோது, ஆட்சேபனைகளைப் பெற 15 நாள் அவகாசம் அளிக்க வேண்டும் என நீதிமன்றம் உத்தரவிட்டது.

டெல்லியின் 2041-ஆம் ஆண்டுக்கான வரைவு முழுமைத் திட்டம் 2021 ஜூன் 9-ஆம் தேதி வெளியானபோது, 45 நாள் அவகாசம் அளிக்கப்பட்டது. பெருந்தொற்றுச் சூழலில் அது போதாது என்ற கோரிக்கை எழுந்ததை அடுத்து, ஆகஸ்ட் 23 வரை நீட்டிக்கப்பட்டது. சுமார் 33,000 ஆட்சேபனைகளும் ஆலோசனைகளும் குவிந்தன.

மக்கள் கருத்து ஒரு திட்டத்தையே திரும்பப் பெறச் செய்ததற்கு மும்பை எடுத்துக்காட்டு. 2034-ஆம் ஆண்டு வரைக்குமான வரைவு வளர்ச்சித் திட்டம் 2015 பிப்ரவரியில் வெளியானது. பாரம்பரியக் கட்டடங்கள் விடுபட்டிருப்பது, ஆரே பகுதியைக் கட்டுமானங்களுக்குத் திறந்துவிடுவது உள்ளிட்ட குறைகளை நகரவாசிகள் வரைபடம் வரைபடமாகச் சுட்டிக்காட்டினர். எதிர்ப்பு வலுத்ததால், ஏப்ரல் 21-ஆம் தேதி அப்போதைய முதல்வர் தேவேந்திர ஃபட்னவீஸ் அந்த வரைவைத் திருத்தி அமைக்க உத்தரவிட்டார். புதிய வரைவு 2016 மே மாதம் வெளியாகி, மீண்டும் கருத்துக் கேட்புக்குப் பின்னர் 2018 செப்டம்பர் 1-ஆம் தேதி திட்டம் நடைமுறைக்கு வந்தது.

தங்கள் பகுதியின் வரைபடத்தை வாசிக்கக்கூடிய குடியிருப்போர் சங்கங்களும், கட்டடக் கலைஞர்களும், தன்னார்வக் குழுக்களும் இருந்ததாலேயே மும்பையில் அது சாத்தியமானது. அத்தகைய உதவி இல்லாத குடிசைப் பகுதிகளுக்கும் நகரின் விளிம்பில் உள்ள கிராமங்களுக்கும் அதே அறிவிப்பு அதே அளவில் சென்று சேர்வதில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போது?

நகரவாசிகள் பலரும் பெரிய கட்டுமானம் எதுவாயினும் அதற்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் என்று எண்ணுகின்றனர். நடைமுறை அவ்வாறில்லை. மத்திய அரசு 2006 செப்டம்பர் 14-ஆம் தேதி வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டடங்கள், நகரியங்கள் போன்ற திட்டங்களுக்குப் பொதுவாக இந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு. கூடுதல் நிலம் கையகப்படுத்தாமல் நடைபெறும் சாலை விரிவாக்கத்துக்கும் விலக்கு உள்ளது.

அந்த அறிவிக்கையின் கீழ் கூட்டம் தேவைப்படும் திட்டங்களுக்கு நடைமுறை விரிவாகவே வகுக்கப்பட்டுள்ளது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஒரு முன்னணி தேசிய நாளிதழிலும் ஒரு மாநில மொழி நாளிதழிலும் விளம்பரம் வெளியிட வேண்டும். குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். வரைவு அறிக்கையின் பிரதிகள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாநகராட்சி அல்லது மாவட்ட ஊராட்சி அலுவலகம் உள்ளிட்ட இடங்களில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். சுருக்க அறிக்கை மாநில மொழியிலும் இருக்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதி கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார். நிகழ்வுகள் காணொளியாகப் பதிவு செய்யப்படும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற குறைந்தபட்ச வருகை வரம்பு கிடையாது. எனவே, தகவல் அறியாமல் மக்கள் வராமல் போனாலும், கூட்டம் நடந்ததாகவே கணக்கில் கொள்ளப்படும்.

எந்த மொழியில்?

இந்த விதிகளை மாற்றியமைக்கும் புதிய வரைவு 2020-இல் வெளியானபோது, அறிவிப்பின் மொழியே வழக்காக மாறியது. வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிடப்பட்டிருந்தது. அதனால் பாதிக்கப்படக்கூடிய மக்களில் பெரும்பகுதியினர் அதைப் படிக்கவே இயலாது என்ற வாதத்தை ஏற்ற டெல்லி உயர் நீதிமன்றம், அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க 2020 ஜூன் 30-ஆம் தேதி உத்தரவிட்டது. கருத்துத் தெரிவிக்கும் காலமும் ஆகஸ்ட் 11 வரை நீட்டிக்கப்பட்டது. கூட்டங்களுக்கான 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைப்பதும் அந்த வரைவின் அம்சங்களுள் ஒன்று.

மொழி குறித்த கடமை புதியதன்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, யாரும் மனு அளிக்கும் முன்பே அரசு அமைப்புகள் தாமாக முன்வந்து தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும் அனைத்து விவரங்களையும் வெளியிட வேண்டும். அதில் உள்ளூர் மொழியையும், அப்பகுதியில் எந்த வழியில் தகவல் சென்று சேரும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. அறிவிப்புப் பலகை, நாளிதழ், பொது அறிவிப்பு, ஒலி, ஒளிபரப்பு, இணையம் ஆகிய அனைத்தும் அதற்கான வழிகளாகச் சட்டத்தில் சுட்டப்பட்டுள்ளன.

ஒப்பந்தங்களுக்கு வேறு விதி

சாலை, மழைநீர் வடிகால், குப்பை அகற்றல் போன்ற பணிகளுக்கான டெண்டர் எனப்படும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. அது ஒப்பந்ததாரர்களை நோக்கியது. அதில் பொதுமக்களின் ஆட்சேபனை கோரப்படுவதில்லை. போட்டியை உறுதி செய்து, வரிப்பணம் சரியாகச் செலவாவதைக் காப்பதே அதன் நோக்கம்.

மத்திய அரசுத் துறைகளுக்கான 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், விளம்பர ஒப்பந்தப்புள்ளிகளுக்குச் சாதாரணமாகக் குறைந்தது 3 வாரமும், வெளிநாட்டு நிறுவனங்களும் எதிர்பார்க்கப்பட்டால் 4 வாரமும் அவகாசம் தர வேண்டும் என்கின்றன. மாநகராட்சிகளைப் பொறுத்தவரை அந்தந்த மாநிலச் சட்டங்களும் விதிகளும் பொருந்தும். இத்துறையில் தனிச் சட்டம் இயற்றுவதில் முன்னோடியாக விளங்கியது தமிழ்நாடு. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ், மாநில, மாவட்ட அளவில் ஒப்பந்தப்புள்ளி இதழ்கள் வெளியிடும் முறை அங்கு கொண்டுவரப்பட்டது. அடுத்த ஆண்டே கர்நாடகமும் இத்தகைய சட்டத்தை இயற்றியது.

தற்போது பெரும்பாலான ஒப்பந்தப்புள்ளிகள் மின்னணுக் கொள்முதல் தளங்களில் வெளியாகின்றன. நாளிதழில் பணியின் பெயரும் கடைசித் தேதியும் மட்டுமே இருக்கும். மதிப்பீடு, நிபந்தனைகள், வரைபடம், பின்னர் செய்யப்படும் திருத்தங்கள் ஆகியவை இணையதளத்தில்தான் கிடைக்கும். அவகாசத்தைச் சுருக்கும் 'குறுகிய கால ஒப்பந்தப்புள்ளி'களும், நிபந்தனைகளைக் கடைசி நேரத்தில் மாற்றும் திருத்தங்களும் தணிக்கையாளர்களும் நீதிமன்றங்களும் கவனிக்கும் இடங்கள்.

ஒரு தெருவில் வசிப்பவருக்கு இந்த அறிவிப்பால் என்ன பயன் என்ற கேள்வி எழலாம். எத்தனை மீட்டர் நீளத்துக்கு, எந்தத் தரத்தில், எத்தனை மாதத்தில், எவ்வளவு தொகைக்குச் சாலை போடப்பட வேண்டும் என்பது ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில்தான் இருக்கிறது. பணி பாதியில் நின்றாலோ, ஓராண்டுக்குள் சாலை பெயர்ந்தாலோ, வார்டு உறுப்பினரிடம் கேள்வி எழுப்பவும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு அளிக்கவும் அந்த ஆவணமே முதல் ஆதாரம்.

இடத்திலேயே ஒட்டப்படும் அறிவிப்பு

அறிவிப்பு உரியவரைச் சென்றடைய வேண்டும் என்ற அக்கறை சில சட்டங்களில் வெளிப்படையாகவே தெரிகிறது. மகாராஷ்டிரத்தின் 1975-ஆம் ஆண்டின் நகர்ப்புற மரங்கள் பாதுகாப்புச் சட்டம், மரம் வெட்டும் முன்பு உள்ளூர் நாளிதழில் விளம்பரம் செய்வதுடன், வெட்டப்படவுள்ள மரத்திலேயே பார்வையில் படும்படி அறிவிப்பை ஒட்ட வேண்டும் என்கிறது. நாள்தோறும் அந்த மரத்தடியில் நடந்து செல்பவருக்கு அதைவிட நேரடியான அறிவிப்பு இருக்க இயலாது.

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், முதல்கட்ட அறிவிக்கையை அரசிதழ், இரு நாளிதழ்கள், உள்ளாட்சி மற்றும் வருவாய் அலுவலகங்கள், இணையதளம், பாதிக்கப்படும் பகுதி ஆகிய அனைத்திலும் வெளியிட வேண்டும் என வரையறுக்கிறது. ஆட்சேபனைக்கு 60 நாள் அவகாசம் உண்டு.

கட்டடங்களை இடிப்பது தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13-ஆம் தேதி பிறப்பித்த வழிகாட்டு நெறிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் அமர்வு, உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புவதுடன் கட்டடத்தின் வெளிப்புறத்திலும் ஒட்ட வேண்டும். 15 நாள் அவகாசம் தர வேண்டும் எனக் கூறியது. முன்தேதியிட்டு நோட்டீஸ் வழங்கியதாகக் காட்டுவதைத் தடுக்க, அதுகுறித்த தகவலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, தானாக உருவாகும் ஒப்புகையைப் பெற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கும், நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்படுபவைக்கும் இந்த நெறிமுறைகள் பொருந்தாது.

அறிவிப்பை வாசிப்பது எப்படி?

பொது அறிவிப்பு கண்ணில் பட்டால் முதலில் பார்க்க வேண்டியது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் அது வெளியிடப்பட்டுள்ளது என்பதை. ஆட்சேபனை தெரிவிக்கும் உரிமை உண்டா, எத்தனை நாள் அவகாசம் என்பவை அந்தப் பிரிவிலேயே அடங்கியுள்ளன.

அடுத்து, சர்வே எண் அல்லது மனை எண்ணை வருவாய்த் துறையின் நில வரைபடத்துடனும் நகரின் முழுமைத் திட்ட வரைபடத்துடனும் ஒப்பிட்டு, அது எந்த இடம் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். எந்தப் பயன்பாட்டிலிருந்து எதற்கு மாற்றப்படுகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அவகாசம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பது. அரசிதழில் வெளியான நாளும் நாளிதழில் வெளியான நாளும் வேறுபடலாம். முந்தைய தேதியைக் கணக்கில் கொள்வதே பாதுகாப்பானது.

ஆட்சேபனையை எழுத்துப்பூர்வமாக, அறிவிப்பில் உள்ள கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு அளித்து, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்வது அவசியம். நேரில் விளக்கம் அளிக்க விரும்பினால் அதையும் மனுவிலேயே கோர வேண்டும். தமிழிலோ தத்தம் மாநில மொழியிலோ எழுதத் தயங்க வேண்டியதில்லை. பொதுவான எதிர்ப்பைவிட, குடிநீர், போக்குவரத்து, வெள்ள வடிகால் போன்ற குறிப்பிட்ட பாதிப்பைச் சுட்டும் மனுவே விசாரணையில் எடுபடும். பின்னாளில் வழக்குத் தொடர நேர்ந்தால், உரிய காலத்தில் ஆட்சேபித்ததற்கான சான்றாகவும் அந்த ஒப்புகை பயன்படும்.

பூங்கா நிலத்தில் இயந்திரம் வந்து நின்றபின் அலுவலகத்துக்குச் செல்பவருக்கும், அறிவிப்பு வெளியான வாரத்திலேயே மனு அளித்தவருக்கும் சட்டத்தின் பார்வையில் உள்ள வேறுபாடு பெரிது. அந்த வேறுபாடு நாளிதழின் உள்பக்கத்தை யார் பார்த்தார் என்ற தற்செயலைச் சார்ந்திருக்கலாகாது. மரத்தில் ஒட்டப்படுவது போன்று, மாற்றம் நிகழவுள்ள இடத்திலேயே, அங்கு வாழ்வோரின் மொழியில், இடத்தின் பெயர் சொல்லி அறிவிப்பதற்கு நகர நிர்வாகங்களுக்குப் பெரும் செலவு ஏதும் ஆவதில்லை. அது வழக்கமாகும் வரை, அறிவிப்பைத் தேடிச் செல்லும் பொறுப்பு குடிமக்களிடமே இருக்கும்.